சொந்த விமானம் ஓட்டுகிறவருக்கு எது கட்டாயம்? அமெரிக்க விதிகள்

அமெரிக்காவில் சொந்தமாகச் சிறு விமானம் வைத்து ஓட்டுகிறவருக்குச் சில பாதுகாப்புக் கருவிகள் கட்டாயம். சில அவர் விருப்பம். ஓட்டுகிறவரின் உயிரை அவர் பாடு என்று விட்டுவிடும் சட்டம், உடன் வருகிறவரையும் தேடிப் போகிறவரையும் நினைத்தால்தான் கண்டிப்புக் காட்டுகிறது.

பாராசூட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பயணியை ஏற்றிக்கொண்டு வானில் சாகசம் செய்தால் விமானத்தில் இருக்கும் எல்லோரும் அதை அணிய வேண்டும். தனியாகச் செய்தால் தேவையில்லை. மிதவைச் சட்டையும் இப்படித்தான்: எஞ்சின் நின்றால் சறுக்கிக் கரை சேர முடியாத தூரத்துக்குக் கடல்மேல் போகும் வாடகை விமானத்தில் ஆளுக்கு ஒன்று வேண்டும், சொந்தப் பயணம் போகும் சிறு விமானத்துக்கு அந்த விதி இல்லை. கடலுக்கு இந்த வேறுபாடெல்லாம் தெரியாது!

ஈ.எல்.டி. கருவியில் மட்டும் சலுகை குறைவு. விமானம் மோதி விழுந்தால் தானாகவே அபாய சமிக்ஞை அனுப்பும் பெட்டி அது. 1967-இல் கலிபோர்னியாவின் பனிமலையில் ஒரு குடும்ப விமானம் விழுந்தது. தாயும் பதின்ம வயது மகளும் ஏறத்தாழ இரண்டு மாதம் உயிரோடு காத்திருந்தார்கள். விமானம் கிடைத்தபோது அக்டோபர் ஆகிவிட்டது. இதன் பிறகே, 1970-இல், நாடாளுமன்றம் கருவியைக் கட்டாயமாக்கியது. கருவியைப் பொருத்த மத்திய அரசு தந்த கெடு முடியுமுன், 1972 அக்டோபரில், ஹேல் பாக்ஸ், நிக் பெகிச் என்ற இரு நாடாளுமன்ற உறுப்பினர்கள் சென்ற விமானம் அலாஸ்காவில் மறைந்தது. 39 நாள் தேடினார்கள். இன்றுவரை கிடைக்கவில்லை.

ஒற்றை இருக்கை விமானம், பயிருக்கு மருந்து தெளிப்பது, புறப்பட்ட இடத்திலிருந்து 50 கடல் மைலுக்குள் நடக்கும் பயிற்சி போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. மற்றவர்கள் 12 மாதத்துக்கு ஒருமுறை கருவியைச் சோதிக்க வேண்டும். பேட்டரியின் ஆயுள் பாதி கழிந்தாலே மாற்றிவிட வேண்டும்.

இதில் ஓர் ஓட்டை இருக்கிறது. பழைய கருவிகள் பேசும் 121.5 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையைச் செயற்கைக்கோள்கள் 2009 பிப்ரவரி 1 முதல் கேட்பதில்லை. ஆனாலும் ஏற்கெனவே பொருத்திய பழைய பெட்டி செல்லும். சட்டம் திருப்தி அடையும். அருகில் பறக்கும் விமானி எவராவது கேட்டால்தான் உதவி வரும். செயற்கைக்கோள்கள் கேட்கும் புதிய 406 மெகாஹெர்ட்ஸ் கருவியைக் கட்டணமின்றிப் பதிவு செய்துவிட்டால், விமானம் யாருடையது என்பதும் சமிக்ஞையோடு தெரிந்துவிடும். செலவைப் பாராமல் அதைத்தான் வாங்க வேண்டும் என்பேன்.

அலாஸ்கா மாநிலம் இதோடு நிற்கவில்லை. அங்கே பறக்கும் விமானத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு வாரம் உயிர் தாங்கும் உணவும் தலைக்குக் கொசுவலையும், எல்லோருக்கும் பொதுவாகக் கோடரி, கத்தி, முதலுதவிப் பெட்டி, தீ மூட்டும் பொருள், தூண்டில் சாமான், புகைக்குண்டு போன்ற இரண்டு சமிக்ஞைக் கருவிகள் ஆகியவையும் இருக்க வேண்டும். அக்டோபர் 15 முதல் ஏப்ரல் 1 வரை பனியில் நடக்கும் காலணி ஒரு ஜோடியும் உறங்கும் பை ஒன்றும் கூடச் சேர வேண்டும்; நான்கு பேருக்கு மேல் ஏறினால், கூடுதலாக வரும் ஒவ்வொருவருக்கும் ஒரு கம்பளி.