உங்கள் பெயரைக் கடன் கொடுக்காதீர்கள்

இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் பெண்கள் சேர்ந்து நடத்திவந்த மசாலாத் தொழில் இன்னொன்றும் நின்றுபோய்விட்டது. சரக்கில் குறையில்லை, வாங்குவோரும் குறையவில்லை. உணவுப் பாதுகாப்புப் பதிவு, வங்கிக் கணக்கு, கியூஆர் கோடு மூன்றுமே உதவ வந்த ஒரு நல்ல மனிதரின் பெயரில் இருந்தன. அவர் காலமாகிவிட்டார். கணக்கிலிருந்த பணத்துக்கு இப்போது அவருடைய வாரிசுகள்தான் உரிமை கோர முடியும். அவர்களுக்கு இந்தப் பெண்கள் யாரென்றே தெரியாது. சென்னையில் இத்தகைய குழுக்களுக்குக் கணக்கும் பதிவும் பார்த்துத் தரும் எவரைக் கேட்டாலும் இப்படி ஒரு கோப்பை எடுத்துக் காட்டுவார். சிலவற்றில் மரணம், சிலவற்றில் மனஸ்தாபம், சிலவற்றில் உதவியவர் வெளிநாட்டில் குடியேறிவிட்டார். முடிவு மட்டும் மாறுவதேயில்லை.

இதற்கெல்லாம் வேர் ஒரே ஒரு தவறான எண்ணம்: "அவர்கள் அகதிகள். அவர்கள் பெயரில் எதுவும் எடுக்க முடியாது. என் பெயரிலேயே எடுத்துத் தருகிறேன்."

இதைப் பொறுமையாகப் பிரித்துப் பார்ப்போம். 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை, அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இங்கே இல்லை. முகாமில் வாழும் இலங்கைத் தமிழர் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர். இவ்வளவும் சரி. இதிலிருந்து "எதுவுமே முடியாது" என்ற இடத்துக்குத் தாவுவதுதான் பிழை. முடியாதவை சில உண்டு. இலங்கைக் குடியுரிமை உள்ளவர் ரிசர்வ் வங்கியின் முன் அனுமதியின்றி இங்கே நிலமோ வீடோ வாங்க முடியாது. ஆனால் ஐந்து ஆண்டுக்கு மேற்படாத குத்தகைக்கு அந்தத் தடை இல்லை. தொழில் தொடங்கும் குழுவுக்கு வேண்டியது பத்துக்குப் பத்து அறையும் பதினொரு மாத வாடகை ஒப்பந்தமும்தானே? நிலம் வாங்க முடியாது என்பதற்காகக் கியூஆர் கோடு ஏன் உங்கள் பெயரில் இருக்க வேண்டும்?

சுயஉதவிக் குழுவைப் பதிவு செய்ய வேண்டிய அவசியமே இல்லை. உறுப்பினர் எண்ணிக்கை இருபதைத் தாண்டக் கூடாது. பெயர், விதிமுறை, பொறுப்பாளர்கள், கணக்கு தொடங்கும் தீர்மானம் ஆகியவற்றைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி எல்லோரும் கையொப்பமிட்டால் வங்கியில் சேமிப்புக் கணக்கு தொடங்கலாம். பொறுப்பாளர்களின் அடையாளச் சான்று போதும், எல்லா உறுப்பினரின் சான்றும் தேவையில்லை என்பது ரிசர்வ் வங்கியின் விதி. 2021இல் அறிவிக்கப்பட்ட முகாம் மேம்பாட்டுத் திட்டத்திலேயே அரசு சுயஉதவிக் குழுக்களுக்கு நிதி ஒதுக்கியது. அரசே ஏற்றுக்கொண்ட ஒன்றை உதவ வருபவர்கள் ஏன் முடியாது என்கிறார்கள்?

வங்கியில் பாஸ்போர்ட் கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள். மாத உதவித்தொகை எந்தக் கிளைக்கு வருகிறதோ அந்தக் கிளைக்கே போங்கள், அங்கே அவர்கள் ஏற்கெனவே வாடிக்கையாளர்கள். ஆதார், முகாம் அடையாள அட்டை, தீர்மான நகல், முகாமுக்கான தனி வட்டாட்சியரிடம் கடிதம் கிடைத்தால் அதுவும் கையில் இருக்கட்டும். மறுத்தால் எழுத்தில் கேளுங்கள். புகார் கொடுத்து முப்பது நாளில் பதில் வராவிட்டால் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். பெரும்பாலும் அந்தப் புகாரை எழுதத் தொடங்கும்போதே கணக்கு திறந்துவிடும்.

பிறப்புச் சான்றிதழையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1க்கு முன்புவரை இந்தியாவில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் இந்தியக் குடிமகன். 1983 கலவரத்துக்குப் பின் வந்த குடும்பங்களில் இங்கே பிறந்த பிள்ளைகள் சிலர் இந்த வரம்புக்குள் வருவார்கள். இது தெரியாமலேயே பலர் இருக்கிறார்கள்.

இனி பெயரைக் கடன் கொடுப்பவர் தலையில் என்ன விழும் என்று பாருங்கள். உங்கள் கணக்கில் வரும் விற்பனைப் பணம் உங்கள் பான் எண்ணில்தான் ஏறும், நோட்டீஸும் உங்களுக்குத்தான் வரும். குழுவின் பணத்தில் உங்கள் பெயரில் வண்டி வாங்கினால் விவகாரம் பினாமி தடைச் சட்டம்வரை போகலாம். அதில் தண்டனை ஓராண்டு முதல் ஏழாண்டுவரை கடுங்காவல். உணவுப் பாதுகாப்புப் பதிவு, தயாரிக்கும் இடத்துக்குத் தரப்படுவது. பதிவு அண்ணா நகர் வீட்டுக்கு, மிளகாய் வறுபடுவது கும்மிடிப்பூண்டியில் என்றால் பாக்கெட்டில் அச்சிட்ட முகவரியே பொய். சோதனைக்கு வரும் அலுவலர் முதலில் பார்ப்பது அந்த வரியைத்தான். பொருள்களின் பட்டியல், நிகர எடை, அதிகபட்ச விலை, தயாரித்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம், பேட்ச் எண், பச்சைக் குறி, பதிவு எண், புகார் சொல்லத் தொலைபேசி எண் எல்லாம் அதன் பிறகுதான்.

பணம் அனுப்பும் கனடா, லண்டன் சொந்தங்களுக்கும் ஒரு வார்த்தை. உறவினர் உறவினருக்கு அனுப்புவது வேறு. உறவில்லாத வெளிநாட்டுக் குடிமகன் குழுவுக்கு நன்கொடை தந்தால் அது வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்துக்குள் வரும். அந்தச் சட்டத்தில் பதிவு உள்ள தொண்டு நிறுவனம் வழியாக வாங்கிக்கொள்ளலாம் என்பதும் இனி நடக்காது. 2020 திருத்தத்துக்குப் பிறகு அப்படி வந்த பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்ற முடியாது. தயவுசெய்து நன்கொடை அனுப்பாதீர்கள், ஆர்டர் கொடுங்கள். முறையான ரசீதோடு பொருளுக்குத் தரும் விலையை அந்தச் சட்டம் பங்களிப்பாகக் கருதுவதில்லை.

விலை போடும்போது கூலியை மறப்பது அடுத்த நோய். பத்து கிலோ யாழ்ப்பாணக் கறித்தூளுக்கு, வறுக்கும்போதும் அரைக்கும்போதும் குறைவதைச் சேர்த்துப் பதினொரு கிலோ சரக்கு வேண்டும். கிலோ 260 ரூபாய் என்று வைத்தால் 2,860. அரவை 400, நூறு பைக்கும் லேபிளுக்கும் 500. மொத்தம் 3,760. நூறு கிராம் பாக்கெட்டுக்கு அடக்கம் 37.60 என்று கணக்குப் போட்டு, 50 ரூபாய்க்கு விற்றால் 12 ரூபாய் லாபம் என்று மகிழ்கிறார்கள். இரண்டு பெண்களின் ஒருநாள் கூலி 1,200, போக்குவரத்து 300 சேர்த்தால் அடக்கம் 52.60. அதாவது ஒவ்வொரு பாக்கெட்டிலும் நஷ்டம், அந்த நஷ்டத்தைத் தாங்குவது அந்தப் பெண்களின் முதுகு. முகாம் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்த இத்தனை சதவீதம் என்று ஒதுக்குவது அருமையான நோக்கம். ஆனால் கூலி கொடுத்த பிறகு மிஞ்சுவதில்தான் அதை ஒதுக்க வேண்டும்.

கண்காட்சித் தேதியை ஒப்புக்கொள்ளும் முன் முகாமில் ஆட்களை நேரில் சரிபார்க்கும் தணிக்கை என்றைக்கு என்று கேளுங்கள். அன்று ஆள் இல்லாவிட்டால் உதவித்தொகைக்கே சிக்கல் வரும்.

ஒடிசா, பீகார் தொழிலாளர்களோடு வேலை செய்பவர்களுக்கு இந்தத் தடைகள் எதுவும் கிடையாது. அவர்கள் இந்தியக் குடிமக்கள், சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம். அவர்களுக்கும் "என் பெயரில் எடுத்துத் தருகிறேன்" என்று கிளம்புவதை என்ன சொல்வது?

ஏற்கெனவே உங்கள் பெயரில் நடந்துகொண்டிருந்தால் இந்த மாதமே தொடங்குங்கள். முதலில் குழுவின் கணக்கு. பிறகு தயாரிக்கும் இடத்துக்கே புதிய உணவுப் பதிவு. பழையதைப் பெயர் மாற்றிக் கொடுக்க முடியாது, ஒப்படைத்துவிட வேண்டும். மூன்றாவதாகப் புதிய கியூஆர் கோடு. பழைய அட்டையைக் கடைகளிலிருந்து நீங்களே போய் எடுத்துவாருங்கள். உங்கள் கணக்கிலுள்ள குழுப் பணத்தை நாள்வாரியாகப் பட்டியலிட்டு, வங்கி வழியாகவே மாற்றி, இரு தரப்பும் கையொப்பமிட்ட தாளைத் தீர்மானப் புத்தகத்தில் ஒட்டுங்கள். மார்ச் 31க்குள் முடித்துவிட்டால் அடுத்த நிதியாண்டின் கணக்கு முழுதும் குழுவின் பெயரிலேயே தொடங்கும்.