கூட்டம் இல்லாத ஆப் ஏன் மெதுவாகத் திறக்கிறது?

ஒரு நாளைக்கு இருபது முப்பது பேர் மட்டுமே வந்துபோகும் வெப் ஆப்களில் ஒரு விநோதம் உண்டு. காலையில் முதலில் திறப்பவர் வெறும் திரையைப் பார்த்தபடி காத்திருப்பார். அவருக்குப் பின்னால் வருபவருக்கு உடனே திறந்துவிடும். கூட்டம் கூடினால் சர்வர் திணறும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். இங்கே நடப்பது நேர் எதிர்: ஆள் வராததால்தான் ஆப் மெதுவாகிறது.

சர்வரை வாடகைக்கு விடும் கிளவுட் நிறுவனங்களின் கணக்கு எளிது. யாரும் தொடாத ஆப்புக்காக மெமரியைப் பிடித்து வைத்தால், அந்த இடத்தை வேறு யாருக்கும் கொடுக்க முடியாது. அதனால் சிறிது நேரம் கோரிக்கை வரவில்லை என்றால் ஆப்பை நிறுத்திவிடுகிறார்கள். ஹெரோகு தன் இலவசச் சேவையை 2022 நவம்பரில் மூடும்வரை 30 நிமிடம் பொறுத்தது. ரெண்டரின் இலவசத் திட்டம் 15 நிமிடம்தான் பொறுக்கும். மறுபடி எழ ஒரு நிமிடம் வரைகூட ஆகலாம். கோரிக்கை வரும்போது மட்டும் நம் நிரலை ஓட்டித் தரும் சேவைகளான அமேசானின் லாம்டாவும் கூகுளின் கிளவுட் ரன்னும், வேலை இல்லாதபோது ஆப்பின் ஓடும் பிரதிகளைப் பூஜ்யம் வரை குறைத்துவிடும். அடுத்த ஆள் வரும்போது ஆப் அடியிலிருந்து கிளம்ப வேண்டும். இதைத்தான் கோல்ட் ஸ்டார்ட் என்கிறார்கள்.

பழியைப் பலரும் கிளவுட் மேலேயே போடுகிறார்கள். ஆனால் லாம்டாவுக்கு அடியில் ஓடும் ஃபயர்கிராக்கர், ஒரு குட்டி மெய்நிகர் கணினியை 125 மில்லி நொடிக்குள் எழுப்பிவிடும். அமேசான் 2018இல் அதன் நிரலையே எல்லாருக்கும் திறந்துவிட்டது. அப்படிப்பட்ட இடங்களில் மிச்ச நேரம் பெரும்பாலும் நம் நிரலுக்குள்தான் கழிகிறது: லைப்ரரிகள் (பிறர் எழுதிவைத்த, நாம் எடுத்தாளும் நிரல்கள்) ஏறுவதிலும், செட்டிங்குகளைப் படிப்பதிலும், டேட்டாபேஸ் இணைப்பைப் பிடிப்பதிலும்.

பைத்தானில் எழுதிய ஆப் என்றால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். 3.7 பதிப்பிலிருந்து இம்போர்ட்டைம் என்றொரு வசதி இருக்கிறது. அதைப் போட்டு ஓட்டினால், ஒவ்வொரு மாட்யூலும் (நிரல் துண்டும்) ஏற எத்தனை மைக்ரோ நொடி பிடித்தது என்று வரிவரியாகக் கொட்டும். மாதக் கடைசியில் ஒரே ஒரு எக்செல் அறிக்கை எடுப்பதற்காகச் சேர்த்த பாண்டாஸ் என்ற தரவு லைப்ரரி, லாகின் பக்கத்தைத் திறப்பவருக்கும் முழுதாக ஏறுவது அதில் அப்பட்டமாகத் தெரியும். நம்பை என்ற கணித லைப்ரரியையும் அது கூடவே இழுத்து வரும். அந்த இம்போர்ட் வரியை ஃபைலின் உச்சியிலிருந்து எடுத்து, அறிக்கை தயாரிக்கும் ஃபங்ஷனுக்குள் வைத்துவிடுங்கள். அறிக்கை கேட்பவர் மட்டும் காத்திருப்பார். இதைவிட மலிவான வைத்தியம் எனக்குத் தெரிந்து இல்லை.

ஜாவாவில் இவ்வளவு சுலபமில்லை. பெரிய ஃபிரேம்வொர்க் (ஆப்பைக் கட்டுவதற்கான ஆயத்தச் சட்டகம்) என்றால் ஆயிரக்கணக்கான கிளாஸ்களை, அதாவது நிரல் துண்டுகளை, ஏற்றியாக வேண்டும். அதற்காகவே 2022இல் லாம்டாவில் ஸ்னாப்ஸ்டார்ட் வந்தது. ஆப்பை ஒருமுறை கிளப்பி, அந்த நிலையிலேயே மெமரியைப் படியெடுத்து வைத்துக்கொண்டு, பிறகு வரும் பிரதிகளை அங்கிருந்தே தொடர வைக்கிறது.

பலர் முதலில் தேடுவது பிங் வைத்தியம்: ஒரு கிரான் வேலை (குறித்த நேரத்தில் தானே ஓடும் சிறு நிரல்), சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஆப்பைத் தட்டிக்கொண்டே இருக்கும். ஓரளவு பலிக்கும், முழுதாக நம்ப முடியாது. வழக்கமான லாம்டாவில் ஒரு பிரதி ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கையைத்தான் கவனிக்கும். இரண்டு பேர் ஒரே நொடியில் வந்தால், பிங் தயாராக வைத்த பிரதி முதலாமவருக்கே போய்விடும். இன்னொரு ஓட்டையும் உண்டு. பிங் போகும் முகவரி வெறும் 'ஓகே' மட்டும் சொன்னால் சர்வர் விழித்திருக்கும், டேட்டாபேஸ் தூங்கும். நியான் போன்ற, போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸை ஓட்டித் தரும் சேவைகள் சும்மா இருந்தால், வழக்கமாக 5 நிமிடத்தில் தாமும் நின்றுவிடும். டேட்டாபேஸையும் எழுப்ப பிங்கிலேயே ஒரு சின்ன குவெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) ஓட்டலாம். ஆனால் அப்போது அதன் இலவச மணிநேரங்களும் கரையும்.

நான் முதலில் திரையைத்தான் சர்வரிடமிருந்து பிரிப்பேன். எச்டிஎம்எல், ஜாவாஸ்கிரிப்ட் ஃபைல்களை சிடிஎன்னில் (ஃபைல்களைப் பல ஊர்களில் வைத்து அருகிலிருந்தே தரும் சேவையில்) வைத்தால், சர்வர் எந்த நிலையில் இருந்தாலும் பக்கம் உடனே வரும். பக்கம் ஏறியவுடன் அதுவே பின்னணியில் சர்வருக்கு ஒரு சின்ன கோரிக்கையை அனுப்பட்டும். பயனர் பாஸ்வேர்டைத் தட்டும் நேரத்துக்குள் கோல்ட் ஸ்டார்ட்டில் நல்ல பங்கு முடிந்திருக்கும்.

அதற்கு மேலும் வேகம் வேண்டுமென்றால் காசு கொடுத்துத்தான் ஆக வேண்டும். கிளவுட் ரன்னில் குறைந்தபட்சப் பிரதி 1 என்று வைத்து, ஒரு பிரதியை எப்போதும் தயாராக நிறுத்தலாம். லாம்டாவில் 2019இல் வந்த புரொவிஷன்ட் கன்கரன்சி அதே வேலையைச் செய்யும். இதற்கு நேர அட்டவணையும் போட முடியும். பகலில் மட்டும் பயன்படுகிற அலுவலக ஆப் என்றால் காலை 9 முதல் மாலை 6 வரை ஒரு பிரதி ஓடினால் போதும், இரவில் பூஜ்யத்துக்கு இறக்கிவிடலாம்.