'பேர் அப்' (pair up) பண்ணுவதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

என் மகள் தொடக்கநிலை நான்கில் படிக்கிறாள். போன வாரம் தமிழ் வகுப்பில் ஆசிரியர் "எல்லாரும் ஜோடி சேருங்க" என்றதும் வகுப்பே சிரித்துவிட்டதாம். உரையாடல் பயிற்சி தொடங்கவே ஐந்து நிமிடம் ஆனதாம். "இங்கிலீஷ் டீச்சர் 'பேர் அப்'னு சொன்னா யாரும் சிரிக்கிறதில்லையேம்மா, ஏன்?" என்று சாப்பிடும்போது கேட்டாள்.

நல்ல கேள்வி. 'பேர் அப்' என்றால் ஒரு வேலைக்காக, விளையாட்டுக்காக இருவர் சேர்வது. பேட்மிண்டன் இரட்டையர் ஆட்டத்துக்கு ஆள் சேர்வது போல. அதில் காதல் வாடை இருக்க வேண்டியதில்லை. 'பேர் ஆஃப்' (pair off) கொஞ்சம் வேறு: கூட்டமாக இருந்தவர்கள் இருவர் இருவராகப் பிரிவது. காதலர்களாகச் சேர்வதையும் அப்படிச் சொல்வார்கள். நம் 'ஜோடி சேர்' அந்தப் பக்கம்தான் சாயும். காலுறையை ஜோடி சேர்த்து வை என்றால் யாரும் சிரிக்கமாட்டார்கள். ஆளைச் சொன்னால் சினிமா ஜோடி நினைவுக்கு வந்துவிடும்.

'பேர்' பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. மூலம் லத்தீனின் 'பார்', அதாவது சமம். சமமானவரைக் குறிக்கும் 'பியர்' (peer) என்ற சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததுதான். இங்கேதான் எனக்குத் தமிழின் மேல் பெருமிதம் வருகிறது. அங்கே இரண்டு சொல்லாகப் பிரிந்ததை நம் 'இணை' ஒன்றே தாங்குகிறது. இணைபிரியாத தோழிகள் என்கிறோம், அது சோடி. இணையற்ற பாடகர் என்கிறோம், அது சமம்.

அப்போ வகுப்பில் "இணையுங்கள்" என்று சொல்லலாமா? சொல்லலாம், ஆனால் இன்று அந்தச் சொல் தொடர்பு ஏற்படுத்துவதையும் குறிக்கிறது. இன்டர்நெட்டுக்கு 'இணையம்' என்று பெயர் வைத்தவரே நம் சிங்கப்பூர் நா. கோவிந்தசாமி. புளூடூத் இயர்போனைக் கைபேசியோடு 'இணை' என்பது கச்சிதம். பிள்ளைகளிடம் "இருவர் இருவராகச் சேருங்கள்" என்பதே இயல்பு. பேச்சில், "ரெண்டு ரெண்டு பேரா சேருங்க". ஆசிரியரே ஒருவரை இன்னொருவரோடு சேர்த்தால், "சேர்த்துவிடுகிறேன்".

அப்புறம், அப்படிச் சேர்ந்தவரை என்னவென்று அழைப்பது? 'உன் இணை யார்' என்றால் மறுபடி சிரிப்பு வரும். நம் ஊரில் நண்பனுக்கே கூட்டாளி என்றுதானே சொல்கிறோம். "உன் கூட்டாளி யாரு?" என்று மகளிடம் கேட்டேன். பக்கத்து மேசைப் பெண்ணின் பெயரை உடனே சொன்னாள்.