சர்வர் படுத்தால் பிழைப்பக்கம் எங்கிருந்து வரும்?

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஒரு ராத்திரி ஒன்பது மணிக்கு, நாங்கள் பார்த்துக்கொள்ளும் சேலைக்கடைத் தளத்தின் சர்வர் படுத்துவிட்டது. இதற்கென்றே ஒரு பிழைப்பக்கம் செய்து வைத்திருந்தோம். கடையின் லோகோ, இரண்டு வரி மன்னிப்பு, ஆர்டர் கேட்க வாட்ஸ்அப் எண். ஒருவர்கூட அதைப் பார்க்கவில்லை. எல்லோருக்கும் கிடைத்தது சிடிஎன் (சர்வருக்கு முன்னால் நின்று பக்கங்களைப் பயனருக்குக் கொடுக்கும் வலையமைப்பு) தானாகக் காட்டும் மொட்டை 502 பிழைப்பக்கம்தான். ஏனென்றால், பிழைப்பக்கத்தையும் அதே சர்வரில்தான் வைத்திருந்தோம்.

அதன்பின் கைக்கு வந்த பல தளங்களிலும் இதே கூத்துதான். அமேசானின் சிடிஎன்னான கிளவுட்ஃபிரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். மூல சர்வர் (தளம் உண்மையில் ஓடும் சர்வர்) 500, 503 என்று ஏதாவது பிழை எண்ணைத் திருப்பினால், நாம் குறித்துக் கொடுத்த பாதையிலிருந்து பிழைப்பக்கத்தைப் போய் எடுத்துவரும். அந்தப் பாதையும் படுத்துக்கிடக்கும் சர்வருக்கே போனால் அது எதை எடுத்துவரும்? பக்கத்தைத் தனியாக ஒரு எஸ்3 பக்கெட்டில் (அமேசானின் கோப்புக் கிடங்கில்) போட்டு, அந்தப் பாதைக்கு மட்டும் ஒரு கேஷ் பிஹேவியர் (எந்தப் பாதை எங்கே போக வேண்டும் என்ற விதி) எழுதி அங்கே திருப்பிவிடுங்கள். இன்னொரு சிடிஎன்னான கிளவுட்ஃப்ளேரில், வெளியிடும்போதே பக்கத்தைப் படியெடுத்து வைத்துக்கொள்ளும். அதனால் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் ஒரு எழுத்தை மாற்றினாலும் மறுபடி வெளியிட வேண்டும்.

லோகோ, சிஎஸ்எஸ் (பக்கத்தின் அலங்கார விதிகள்), எழுத்துரு எல்லாவற்றையும் பக்கத்துக்குள்ளேயே எழுதிவிடுவது என் வழக்கம்; இல்லாவிட்டால் அவையும் படுத்த சர்வரைத் தேடிப் போகக்கூடும். அப்புறம், தமிழில் எழுதினால், எந்த எழுத்துக் குறிமுறை என்று உலாவிக்குச் சொல்லும் யூடிஎஃப்-8 மெட்டா வரி கட்டாயம். ஒரு தளத்தில் 'மன்னிக்கவும்' என்ற சொல் பிரெஞ்சு எழுத்துக் கிறுக்கலாக வந்து நின்றது.

இதைவிட மோசமானது 404-ஐ ('பக்கம் இல்லை') 200 ('எல்லாம் சரி') ஆக்கி அனுப்பும் பழக்கம். ரியாக்ட் தளங்களுக்கு (ஒரே பக்கத்தில் ஜாவாஸ்கிரிப்டால் ஓடுபவை) 403 ('அனுமதி இல்லை'), 404 இரண்டையும் இண்டெக்ஸ் பக்கத்துக்குத் திருப்பி 200 கொடு என்று பாடம் எடுக்கிறார்கள். (பட்டியலிடும் அனுமதி இல்லாத பக்கெட்டில், இல்லாத கோப்புக்கு 403 வரும், அதனால்தான் இரண்டும்.) தளம் ஓடும், சரி. ஆனால் கிளவுட்ஃபிரண்டில் இந்த விதி மொத்த டிஸ்ட்ரிபியூஷனுக்கும், அதாவது அந்த அமைப்பின் கீழ் வரும் எல்லாப் பாதைகளுக்கும், பொருந்தும். தரவு தரும் ஏபிஐ 'அந்த ஆர்டர் இல்லை' என்று 404 சொன்னாலும் ஆப்புக்கு 200-உடன் எச்டிஎம்எல் போய்ச் சேரும். புது வெளியீட்டில் பழைய ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு நீங்கியிருந்தால், அந்தப் பெயரில் எச்டிஎம்எல் வந்து, திரை வெள்ளையாக நிற்கும். கண்காணிப்புக் கருவியோ எல்லாம் நலம் என்று பச்சை விளக்கு காட்டிக்கொண்டிருக்கும். கூகுளும் செத்த பக்கத்தை உயிரோடு இருப்பதாகத்தான் முதலில் எடுத்துக்கொள்ளும்.

பிழையும் கேஷ் ஆகும், அதாவது சிடிஎன் அதைக் கொஞ்ச நேரம் சேமித்து வைத்துக் காட்டும். கிளவுட்ஃபிரண்டில் இயல்பாக 10 வினாடிதான். யாராவது அதை ஒரு மணி நேரமாக்கி வைத்திருந்தால், சர்வர் எழுந்த பிறகும் பிழைப்பக்கம் போகாது.

இப்போதெல்லாம் மாதத்துக்கு ஒரு தடவை, சோதனைத் தளத்தில் என்ஜின்எக்ஸை (பக்கங்களைப் பரிமாறும் சர்வர் மென்பொருளை) நிறுத்திவிட்டுக் கைபேசியில் திறந்து பார்க்கிறோம். போன மாதம் பக்கம் ஒழுங்காக வந்தது. அதிலிருந்த வாட்ஸ்அப் எண்தான், கடையில் எப்போதோ மாற்றிவிட்ட பழைய எண்.