வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா?

அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில், வேட்டைக்காரர்கள் நிறைந்த ஒரு சிற்றூரில் குடும்ப மருத்துவராக இருக்கிறேன். விடுமுறைக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் உறவினர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "அங்கே எல்லார் கையிலும் துப்பாக்கி இருக்குமாமே, பயமாக இல்லையா?" எல்லார் கையிலும் இல்லை. பியூ ஆய்வு மையத்தின் 2023ஆம் ஆண்டுக் கருத்துக்கணிப்பில், வயதுவந்தோரில் 32 விழுக்காட்டினரே தமக்குச் சொந்தமாகத் துப்பாக்கி இருப்பதாகக் கூறினர். மக்கள்தொகையைவிடத் துப்பாக்கிகளின் எண்ணிக்கை அதிகம் என்பது உண்மைதான். ஒருவரே பல வைத்திருப்பதால் வரும் கணக்கு அது.

இதைவிடப் பெரிய பிழை, துப்பாக்கி யாரைக் கொல்கிறது என்று நினைப்பதில் இருக்கிறது. பள்ளிகளிலும் கடைகளிலும் நடக்கும் கூட்டக் கொலைகளே செய்தியாகின்றன. ஆனால் 2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்த 48,830 பேரில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். திருடனுக்கு அஞ்சி வாங்கி வைத்த பொருள், வீட்டிலுள்ள ஒருவர் மனமுடைந்திருக்கும் இரவில் அவர் கைக்கு எட்டுகிறது. "சாக நினைத்தவர் எப்படியும் செத்துவிடுவார்" என்று படித்தவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன், அது தவறு. அந்த எண்ணம் பெரும்பாலும் எழுந்து தணிவது. தணியும்வரை கொடிய கருவி எட்டாமல் இருந்தால் பலர் பிழைக்கின்றனர், பிழைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பின்னாளிலும் தற்கொலையால் இறப்பதில்லை. இலங்கை நச்சுத்தன்மை மிகுந்த பூச்சிக்கொல்லிகளைப் படிப்படியாகத் தடைசெய்தபின் அங்கே தற்கொலை விகிதம் வெகுவாகக் குறைந்ததை இங்கு நினைத்துக்கொள்ளலாம்.

துப்பாக்கி வைத்திருப்போர் எந்தக் கட்டுப்பாட்டையும் ஏற்கமாட்டார்கள் என்பது இன்னொரு நம்பிக்கை. உரிமம் பெற்ற வணிகர்கள் வாங்குவோரின் பின்னணியைச் சோதிக்க வேண்டும் என்பது 1993இல் இயற்றப்பட்ட பிரேடி சட்டத்தின் வழிவந்த நடைமுறை. தனியார் ஒருவர் இன்னொருவருக்கு விற்கும்போது கூட்டாட்சிச் சட்டம் அதைக் கட்டாயமாக்கவில்லை. எல்லா விற்பனைக்கும் சோதனை வேண்டும் என்பதை, 2013இல் வெளியான ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வில் துப்பாக்கி வைத்திருப்போரில் 84 விழுக்காட்டினரும், துப்பாக்கி உரிமைக்காகக் குரல்கொடுக்கும் தேசிய ரைஃபிள் சங்கத்தின் உறுப்பினர்களிலேயே 74 விழுக்காட்டினரும் ஆதரித்தனர். அதே ஆண்டு அந்தச் சோதனையை விரிவாக்கும் திருத்தம் செனட்டில் 54 வாக்குகள் பெற்றும், தேவைப்பட்ட 60 கிடைக்காமல் வீழ்ந்தது. வாக்கெடுப்பைப் பார்ப்பவருக்கு நாடே இரண்டாகப் பிளந்திருப்பதாகத் தோன்றும். வீடுவீடாகக் கேட்டால் அப்படியில்லை.

துப்பாக்கி வைத்திருப்போரைத் தவறாகக் கணித்தவர்களில் நானும் ஒருவன்தான். நோயாளியிடம் மருத்துவர் துப்பாக்கி பற்றிக் கேட்பதை ஃபுளோரிடா 2011இல் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தியது. 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதன் முக்கியப் பகுதிகளை நீக்கியது. அந்தச் சட்டம் எங்கள் மாநிலத்தைத் தொடவே இல்லை. இருந்தும் கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று சில ஆண்டுகள் நானாகவே வாய்மூடி இருந்தேன்.

மனைவியை இழந்து உறக்கமின்றி வந்த முதியவர் ஒருவரிடம்தான் முதலில் துணிந்து கேட்டேன். "ஆறு இருக்கிறது, டாக்டர்" என்றார். கொஞ்ச நாள் வேறிடத்தில் வைக்கலாமா என்றதும் அவர் கோபப்படவில்லை. பெட்டகத்தின் சாவியை எடுத்து மேசைமேல் வைத்து, மைத்துனருக்குத் தொலைபேசியில் பேசச் சொன்னார். அன்று மாலையே ஆறும் மைத்துனர் வீட்டுக்குப் போய்விட்டன. அடுத்த முறை வந்தபோது, இதை ஏன் முன்பே யாரும் கேட்கவில்லை என்று என்னிடமே கேட்டார்.