கமுதியில் கரண்ட், கடலில் டீசல்

ராமேஸ்வரத்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "நம்ம மாவட்டத்துல கமுதியில 648 மெகாவாட் சோலார் இருக்கு. வழுதூர்ல இந்த மண்ணுல எடுக்குற கேஸ்லயே கரண்ட் தயாராகுது. அப்புறம் ஏன் சார் வளைகுடாவுல சண்டைன்னா எங்க போட்டு கரையில நிக்குமோன்னு பயப்பட வேண்டியிருக்கு?"

நியாயமான கேள்வி. இதில் அரசியல் என்ற பாதி எல்லோருக்கும் தெரிந்த கதைதான். நாம் பயன்படுத்தும் கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி. அதில் கணிசமான பங்கு, ஈரானுக்கும் ஓமனுக்கும் இடையே உள்ள ஹோர்முஸ் நீரிணை வழியாக வருகிறது. அங்கே கப்பல் தயங்கினால் பாம்பனில் மீன்பிடிச் செலவு எகிறும். கமுதி மின்சாரத்தால் ஏன் இதைத் தடுக்க முடியவில்லை என்பதுதான் சுவாரசியமான மீதிப் பாதி. மின்சாரம் கிடைக்கிறது, அதைக் கடலுக்குச் சுமந்து போவதில்தான் சிக்கல்.

ஒரு கிலோ டீசலை எரிக்கச் சுமார் 3.4 கிலோ ஆக்சிஜன் வேண்டும். அதைப் படகு சுமப்பதில்லை. போகிற வழியெல்லாம் காற்றிலிருந்து இழுத்துக்கொள்கிறது. எரிந்து முடிந்த கரியமில வாயுவும் நீராவியும் புகைபோக்கி வழியே வெளியேறிவிடும். பேட்டரிக்கு இந்தச் சலுகை கிடையாது. வினைபுரியும் இரண்டு பொருட்களும் பெட்டிக்குள்ளேயே இருக்க வேண்டும். வினை முடிந்த பிறகும் அங்கேயே கிடக்க வேண்டும். குழம்பு போகிற இடத்தில் கிடைக்கும் என்று சோற்றை மட்டும் கட்டிக்கொண்டு போகிறது டீசல். பேட்டரியோ இரண்டையும் தூக்கிக்கொண்டு போய், காலிச் சட்டியோடு திரும்பியும் வர வேண்டும்.

அதைவிட வேடிக்கை அந்தச் சட்டியின் எடை. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் வேலை செய்வது லித்தியம் அயனி. சார்ஜ் ஏறும்போது கிராஃபைட் என்ற கரியின் அடுக்குகளுக்குள் போய் ஒண்டிக்கொள்ளும். இறங்கும்போது பாஸ்பேட் கூட்டுக்குத் திரும்பும். அது உள்ளே நகர, எலக்ட்ரான் வெளியே கம்பி வழியாக ஓடி மோட்டாரைச் சுழற்றும். கிராஃபைட்டில் ஒரு லித்தியத்துக்கு இடம் கொடுக்க ஆறு கார்பன் அணுக்கள் வேண்டும். அதாவது 7 கிராம் லித்தியத்துக்கு 72 கிராம் கார்பன். மறுபக்கம் இரும்பு பாஸ்பேட் 151 கிராம். ஆக 7 கிராம் நடமாட 223 கிராம் வீடு! தகடு, திரவம், உறை எல்லாம் இதற்கு மேல்.

இப்போது கணக்கு. டீசல் இன்ஜின் வெப்பத்தில் பாதிக்கு மேல் வீணடிக்கிறது. மின்மோட்டார் பத்தில் ஒன்றைக்கூட வீணடிப்பதில்லை. அந்தச் சலுகையைக் கொடுத்த பிறகும், ஒரு கிலோ டீசலின் வேலையைச் செய்ய ஏறத்தாழ 30 கிலோ பேட்டரி தேவை. ஒரு விசைப்படகு ஒரு நடைக்கு 300 லிட்டர் எரிக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஏழு டன்னுக்கு மேல் பேட்டரி. அப்புறம் ஐஸும் மீனும் எங்கே வைப்பது?

(தண்ணீரில் ஓடும் இன்ஜின் வீடியோக்களை எனக்கு அனுப்பாதீர்கள். தண்ணீர் என்பது ஏற்கெனவே எரிந்து முடிந்த ஹைட்ரஜன். சாம்பலை மறுபடி கொளுத்த முடியாது. 1996-இல் மூலிகை பெட்ரோலைக் கொண்டாடியது போதும்.)

ஆனால் கரையோரம் போய் அன்றைக்கே திரும்பும் ஃபைபர் படகுகளின் கதை வேறு. குறைந்த தூரம், சிறிய மோட்டார். அங்கே மின்சாரம் சாத்தியம். உடனே அடுத்த கேள்வி வரும்: லித்தியமும் இறக்குமதிதானே, பேட்டரிச் சந்தையில் சீனாவின் கைதானே ஓங்கியிருக்கிறது? உண்மைதான். ஆனாலும் இரண்டு அடிமைத்தனமும் ஒன்றல்ல. டீசல் வரத்து நின்றால் சில வாரங்களில் படகு நிற்கும். பேட்டரி வரத்து நின்றால் புதுப் படகுதான் தாமதமாகும்; இருப்பது ஓடும்.

லித்தியத்துக்குப் பதில் சோடியத்தை வைத்து ஓடும் சோடியம் அயனி பேட்டரி இன்னும் ஒரு படி மேலே. எடைக்கு எடை லித்தியத்தைவிடச் சற்றுக் குறைவான ஆற்றல்தான், ஆனால் மூலப்பொருள் உப்பிலிருந்தே வரும்; வாலிநோக்கத்தில் உப்பளம் நடத்தும் மாவட்டத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? ஒரு தொல்லை: சோடியம் கிராஃபைட்டுக்குள் சரியாகக் குடியேறாது. அடுக்குகள் தாறுமாறாகக் கிடக்கும் ஹார்டு கார்பன் என்ற கரி வேண்டும். தேங்காய் ஓடு போன்ற தாவரப் பொருட்களிலிருந்து அதைச் செய்கிறார்கள்.

பக்கத்திலேயே காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டியது. உப்புக்காற்று உலோகத்தை எப்படி அரிக்கிறது என்று பார்க்க மண்டபத்தில் அதற்கு ஒரு கிளையும் உண்டு. மீனவர்களுக்கான டீசல் வரிவிலக்கை நிறுத்தச் சொல்லவில்லை. இன்றைய நிலையில் அது வேண்டும்தான். ஆனால் அந்தத் தொகையில் ஒரு துளியைக் காரைக்குடிக்கு ஒதுக்கி, நம் கரிமூட்டங்களில் வேகும் சீமைக்கருவேலத்தைச் சோடியத்துக்கு ஏற்ற கரியாக மாற்றிக் காட்டுங்கள் என்று கேட்கலாம். ஆய்வகத்துக்கு விறகு பஞ்சம் வராது.