டெக்னிக்கல் ஸ்கூல்: அது ஐ.டி.ஐ. இல்லை

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இங்கிலாந்தில் பள்ளிக்குப் போனவர்கள் தங்கள் நினைவுகளைச் சொல்லும்போது 'டெக்' என்ற சொல் அடிக்கடி வரும். "பதின்மூன்று வயசில் டெக்குக்குப் போனேன்" என்பார்கள். டெக்னிக்கல் ஸ்கூல் என்பதன் சுருக்கம். இதைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் கை தானாகவே 'தொழிற்பயிற்சி நிலையம்' என்று எழுதப் போகும். கொஞ்சம் பொறுங்கள். அது நம் ஊர் ஐ.டி.ஐ.யும் இல்லை, பாலிடெக்னிக்கும் இல்லை. முழுக்க முழுக்கப் பள்ளிக்கூடம்.

1944-இல் வந்த கல்விச் சட்டத்துக்குப் பிறகு அங்கே மேல்வகுப்புப் பள்ளிகள் மூன்று வகையாகப் பிரிந்தன: ஏட்டுப் படிப்புக்குக் கிராமர், தொழில்நுட்பத்துக்கு டெக்னிக்கல், மற்றவர்களுக்குப் பொதுவான படிப்பு தரும் மாடர்ன். சட்டத்தில் இந்த மூன்று பெயர்களும் கிடையாது என்பது வேடிக்கை. வயதுக்கும் திறனுக்கும் நாட்டத்துக்கும் ஏற்ற கல்வி என்றுதான் அது சொன்னது. மூன்றாகப் பிரித்துப் பார்த்தது அதற்கு முந்தைய ஆண்டு வந்த நார்வுட் அறிக்கை, அதாவது நார்வுட் என்பவர் தலைமையில் அரசு அமைத்த குழுவின் அறிக்கை. 11 வயதில் ஒரு தேர்வு. அதைப் பொறுத்து எந்தப் பள்ளி என்பது முடிவாகும். பல ஊர்களில் டெக்குக்கு மட்டும் 13 வயதில் தனியாகச் சேர்க்கை இருந்தது.

உள்ளே போனால் கணக்கு, ஆங்கிலம், அறிவியல், வரலாறு எல்லாம் உண்டு. கூடவே பட்டறை. ஒரு இரும்புத் துண்டை வைஸில் இறுக்கி, அரத்தால் ராவி, மூலைமட்டத்தை அதன்மேல் வைத்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்க்க வேண்டும். இடுக்கில் ஒளிக்கீற்று தெரிந்தால் மறுபடியும் ராவு. அளவெல்லாம் 'தௌ' கணக்கில்: ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அப்புறம் டீ-ஸ்கொயரும் பலகையுமாக வரைபட வகுப்பு. பொறியியல் மட்டும் என்றும் நினைக்க வேண்டாம்; கட்டடத் தொழில், வணிகம் சொல்லிக்கொடுத்த பள்ளிகளும், பெண்களுக்குத் தையல் கற்பித்த பள்ளிகளும் இருந்தன. ஆனால் மொத்தத்தில் எண்ணிக்கை குறைவு. மாணவர்களில் நூற்றுக்கு நான்கு பேர்கூட இவற்றில் படிக்கவில்லை. இயந்திரங்களுக்குப் பணம் வேண்டும், சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும், இரண்டுக்கும் பஞ்சம்.

சரி, சொல்லுக்கு வருவோம். டெக்னிக்கல் என்பதன் வேர் கிரேக்க மொழியின் 'டெக்னே': கைத்திறன், கலை. அதே குடும்பத்தில்தான் கிரேக்கத்தில் தச்சனைக் குறிக்கும் 'டெக்டோன்', ஆர்க்கிடெக்ட் என்பதன் பிற்பாதி, வடமொழியின் 'தக்ஷன்' எல்லாம் வருகின்றன. நம் 'தச்சன்' அந்தத் தக்ஷனிலிருந்து வந்தது என்று தமிழ் லெக்சிகன் காட்டும். 'தை' என்ற தமிழ் வினையிலிருந்து பிறந்தது என்பாரும் உண்டு. எப்படியானாலும் சொல் பழையது. நாளொன்றுக்கு எட்டுத் தேர் செய்யும் தச்சன் ஒரு மாதம் முயன்று செய்த ஒற்றைச் சக்கரம் போன்றவன் என்று புறநானூற்றில் அதியமானைச் சொல்கிறார் ஔவையார். டெக்னே என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

டெக்னிக்கல் என்பதற்குத் 'தொழில்நுட்ப' என்பது நிலைத்துவிட்டது. அதில் எனக்குப் பிடித்தது 'நுட்பம்' என்ற பாதி. நார்வுட் அறிக்கை, டெக்குக்கு உரிய பையனுக்கு இயந்திரத்தின் சிக்கல்கள் அபாரமாகப் பிடிபடும், மொழியின் நுணுக்கங்கள்தான் பிடிபடாது என்கிற மாதிரி எழுதியது. தமிழில் அரம் பிடிக்கும் கைக்கும் நுட்பம்தான், பாட்டுக்குப் பொருள் சொல்லும் அறிவுக்கும் நுட்பம்தான். 'தொழிற்பள்ளி' என்று சுருக்கினால் அந்தப் பாதிதான் போய்விடுகிறது. வரலாறும் கணக்கும் படித்த பையன் வெறும் வேலை பழகியவன் ஆகிவிடுகிறான்.

எனவே 'தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளி' என்பதே என் தேர்வு. தமிழ்நாட்டில் ஆறு முதல் பத்து வரை உள்ள பள்ளி உயர்நிலைப் பள்ளி. வயதுக் கணக்கு ஏறக்குறைய ஒத்துப்போகிறது. 1938-இல் இன்னொரு அரசுக் குழுவின் ஸ்பென்ஸ் அறிக்கை இந்தப் பள்ளிகளைப் பரிந்துரைத்தபோது வைத்த பெயரும் 'டெக்னிக்கல் ஹை ஸ்கூல்'தான். இலங்கை வாசகர்களுக்கு எழுதினால் 'இடைநிலை' என்று மாற்றிக்கொள்ளலாம். 'தொழில்நுட்பக் கல்லூரி' மட்டும் வேண்டாம். பள்ளி முடித்துப் போகும் இடம் அது.

ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. அதே மனிதர் வேலைக்குச் சேர்ந்த பிறகும், வாரத்தில் ஒரு நாளோ மாலை வேளையிலோ 'டெக்'குக்குப் போனதாகச் சொல்வார். அது கல்லூரி. பல ஊர்களில் பள்ளியும் கல்லூரியும் ஒரே கட்டடத்தில், ஒரே பட்டறையில் நடந்தன. பேச்சில் பெயரும் ஒன்றே. எந்த டெக் என்பதை அவர் சொல்லும் வயதை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.